பழைய பாய்மரப் படகு வாங்கியபோது நான் தட்டிப் பார்த்தவையும் தவறவிட்டவையும்

2016-ஆம் ஆண்டு நான் வாங்கிய முதல் பாய்மரப் படகின் உடலில் ஒரு கீறல்கூட இல்லை. 14 அடி நீளமுள்ள அந்தச் சிறு படகைத் திருவனந்தபுரத்துக்கு வடக்கே ஒரு காயல் கரையில் தென்னைமரத்தடியில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். சார்ஜாவில் 14 ஆண்டுகள் பைபர் படகுப் பட்டறையில் ரெசின் பூசிப் பழகிய கை என்பதால், அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்த மாத்திரத்தில் உடல் நல்ல உடல் என்று தெரிந்துவிட்டது. 60,000 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு, களியக்காவிளை வழியாக ஒரு டெம்போவில் ஏற்றி அன்றைக்கே குமரி மாவட்டத்திலுள்ள என் ஊருக்குக் கொண்டுவந்தேன். பாய்மரத்தையும் பாயையும் நான் பிரித்துப் பார்த்தது மறுநாள் காலையில்தான். அலுமினியப் பாய்மரத்தின் அடிமுனை உப்புப் பிடித்து வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. பாயோ பத்து ஆண்டு உடுத்திய வேட்டிபோலத் தளர்ந்திருந்தது. அவ்விரண்டையும் மாற்றிக் கம்பிகளையும் புதுப்பிப்பதற்குள் 85,000 ரூபாய் கரைந்தது; படகின் விலையைவிட அதன் பழுதின் விலை பெரிதாயிற்று.

அந்த நட்டத்திலிருந்து நான் கற்றது ஒன்றுதான். இந்தக் கரையில் படகின் உடலில் உள்ள குறை மலிவானது. பாய்மரத்திலும் கம்பியிலும் பாயிலும் உள்ள குறை விலை உயர்ந்தது. பழைய படகு வாங்குவது பற்றி வெளிநாட்டினர் எழுதியவற்றைப் படித்தால் இதற்கு நேர்மாறான எண்ணமே உண்டாகும். அங்கே கூலி அதிகம், உதிரிப்பொருள் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். தேங்காய்ப்பட்டினத்திலிருந்து விழிஞ்ஞம் வரை நீளும் நம் கரையில், கட்டுமரம் போய் 1980-களில் ஒட்டுப்பலகை வள்ளங்கள் வந்து, பிறகு பைபர் வள்ளங்கள் நிறைந்துவிட்டபடியால், கண்ணாடியிழை மேட் வெட்டி ரெசின் பூசத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் வந்ததோடு பாய் இறங்கிவிட்டது. இன்றைக்குப் பாய் தைக்கவோ, பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தாங்குகம்பியின் நுனியை முறையாக அழுத்திப் பூட்டவோ தெரிந்த ஆளை ஊரில் தேடினால், எழுபது வயதைத் தாண்டிய கிழவர்களைத்தான் காட்டுவார்கள். அவர்களும் பருத்திப் பாயும் கயிறும் அறிந்தவர்களேயன்றி எஃகுக் கம்பி அறிந்தவர்கள் அல்லர்.

அப்படிப்பட்டவர்களில் ஒருவர் என் தாய்மாமா. கட்டுமரத்தில் பாய் விரித்து நாற்பது ஆண்டு கடலுக்குப் போனவர். 2022-இல், சற்றுப் பெரிய படகொன்றை வாங்குவதென்று மீண்டும் புறப்பட்டபோது, இம்முறை அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். பைபரைப் பற்றி எனக்குத் தெரிந்ததும் காற்றைப் பற்றி அவருக்குத் தெரிந்ததும் சேர்ந்தால் ஏமாற மாட்டோம் என்பது கணக்கு. அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

படகைப் பார்ப்பதற்கு முன்பு அது எங்கே நிற்கப்போகிறது என்பதைத் தீர்மானித்துவிட வேண்டும். என் தென்னந்தோப்பு தாமிரபரணியாற்றின் கரையில், கழிமுகத்துக்குச் சற்று உள்ளே இருக்கிறது. இது திருநெல்வேலித் தாமிரபரணி அன்று. குழித்துறையாறு என்று நாங்கள் சொல்லும் ஆறு. ஆற்றில் ஆழம் குறைவு. பொழிமுகத்தில் மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆனி ஆடிக் கடலில் அங்கே நுழைவது அனுபவப்பட்டவர்களுக்கே உயிரைப் பணயம் வைக்கும் காரியம். ஆகையால் நிலையான ஏராக்கட்டை, அதாவது படகின் அடியிலிருந்து ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குக் கீழிறங்கி நிற்கும் கீல், உள்ள படகு எனக்கு ஆகாது. ஏராவை மேலே தூக்கிக்கொள்ளக்கூடிய, தூக்கிவிட்டால் முழங்கால் அளவுத் தண்ணீரில் நிற்கக்கூடிய படகுதான் வேண்டும். இந்த ஒரு நிபந்தனையே நாங்கள் கேள்விப்பட்ட படகுகளில் பாதியைத் தள்ளிவிட்டது. அப்படித் தள்ளியவற்றிலும் சிலவற்றை ஆசை காரணமாகப் போய்ப் பார்த்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதலில் பார்த்தது அப்படி ஆசைக்காகப் பார்த்த படகு. கொச்சியின் போல்காட்டித் தீவில் பாய்மரப் படகுகளை நிறுத்தும் மரீனா இருப்பதால் உலகம் சுற்றும் வெளிநாட்டுப் பாய்மரப் படகுகள் கொச்சிக்கு வந்துபோவது உண்டு. அவ்வாறு வந்து, உரிமையாளர் ஊர் திரும்பிவிட்டதால் வேறொரு கரையில் கட்டிக்கிடந்த 30 அடிப் படகு அது. விலை நம்ப முடியாத அளவு குறைவு. சுங்கத்தீர்வை கட்டியதற்கான பில் ஆஃப் என்ட்ரி எங்கே என்று கேட்டபோது, இடையில் நின்றவர் பேச்சை மாற்றினார். சுற்றுப்பயணமாக வந்த வெளிநாட்டுப் படகைத் தீர்வை செலுத்தாமல் இங்கே விற்க முடியாது. வாங்குபவர் தலையில்தான் அந்தச் சுமை வந்து விழும். காகிதம் இல்லாத படகில் தட்டிப் பார்க்க ஒன்றுமில்லை என்று மாமாவை அழைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

இரண்டாவது படகு 24 அடி. கரையேற்றி நிறுத்தி, புதுப் பெயின்ட் அடித்து, பூப்போட்ட மெத்தை விரித்துக் கல்யாணப் பெண்போல வைத்திருந்தார்கள். வெளிப்பக்கம் பெயின்ட் அடித்திருந்தால் அது அலங்காரம் என்று விட்டுவிடலாம். உள்ளே, யாரும் பார்க்காத அடித்தட்டில் புதுப் பெயின்ட் இருந்தால் எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று நான் சந்தேகப்படுவேன். அந்தப் படகின் அடித்தட்டு பளபளத்தது. வெளியே தண்ணீர்மட்டத்துக்குக் கீழே முகத்தை ஒட்டி வைத்து, வெயில் சாய்ந்து விழும் திசையில் பார்த்தபோது, மிளகளவிலிருந்து பழைய இருபத்தைந்து பைசா அளவு வரை கொப்புளங்கள் நிழல் விழுந்து தெரிந்தன. உரிமையாளரிடம் அனுமதி கேட்டு ஒரு கொப்புளத்தைத் திருப்புளி முனையால் குத்தினேன். பழுப்பு நிறத் திரவம் கசிந்தது; விரலில் தொட்டால் பிசுபிசுப்பு, மோந்தால் மீன் ஊறுகாய்க்கு ஊற்றும் வினாகிரியின் காட்டம். ஜெல்கோட் என்னும் மேற்பூச்சின் வழியாக மெல்ல மெல்ல உள்ளே புகுந்த தண்ணீர், ரெசினில் சரியாக இறுகாமல் நின்ற பொருள்களைக் கரைத்துக்கொண்டு மேலும் தண்ணீரை உறிஞ்சி வீங்குவதால் உண்டாகும் கொப்புளம் அது.

வெளிநாட்டு நூல்களைப் படித்தவர்கள் இந்த வாடையை மோந்தவுடன் ஓடிவிடுவார்கள். நான் ஓடவில்லை. ஜெல்கோட்டைச் சுரண்டி, நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி, தை முதல் பங்குனி வரை வெயிலில் காயவிட்டு, மேலே புதிதாகப் பூசினால் தீர்ந்துவிடும். நம்மூர்க் கூலியில் அது தாங்கக்கூடிய செலவு. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்பதுதான் கட்டாயம். என்னைத் திருப்பி அனுப்பியது கொப்புளமன்று, ஏரா. இரும்பு ஏராவின் முன்முனை உடலோடு சேரும் இடத்தில் வாய் திறந்தாற்போல ஒரு வெடிப்பு. அதிலிருந்து துருநீர் வழிந்த கோடு. உள்ளே போய் ஏராவின் பின்முனைக்கு நேராக இருந்த குறுக்குச் சட்டங்களைப் பார்த்தால், புதுப் பெயின்டையும் மீறி மயிரிழை வெடிப்புகள். ஓடும் படகின் ஏரா பாறையில் முட்டும்போது அதன் முன்முனை கீழே இழுக்கப்பட்டுப் பின்முனை உடலை மேல்நோக்கிக் குத்தும். ஆகவே இவ்விரண்டு அடையாளங்களும் ஒன்றாகத் தெரிந்தால் படகு எங்கோ பலமாக மோதியிருக்கிறது என்று பொருள். ஏராவைக் கழற்றிப் போல்டுகளைப் பார்க்காமல் அதற்கு விலை சொல்ல முடியாது. கழற்றிப் பார்க்க உரிமையாளர் சம்மதிக்கவில்லை. அந்தப் படகின் நிலையான ஏரா எப்படியும் எங்கள் ஆற்றுக்கு ஆகாது என்பதால் எனக்கு வருத்தமும் இல்லை.

மூன்றாவது படகை அரூருக்குத் தெற்கே வேம்பநாட்டுக் காயலோரத்தில் ஒரு வீட்டுத் துறையில் பார்த்தோம். 21 அடி நீளம், தூக்கக்கூடிய ஏரா, இரண்டு பேர் படுக்கக்கூடிய சிறு அறை. ஆறு ஆண்டுகளாக அதிகம் ஓடாத படகு. விலை 5,50,000 ரூபாய் என்றார்கள். படகின் நிறம் மங்கி, தளத்தில் பாசி படர்ந்து, பறவை எச்சம் காய்ந்து கிடந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. அழுக்கு எதையும் மறைப்பதில்லை.

போய் இறங்கியவுடன் நான் முதலில் செய்தது அவுட்போர்டு எஞ்சினின் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்ததுதான். வெதுவெதுப்பாக இருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே யாரோ ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் அது எளிதில் கிளம்பாது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. நான் ஒன்றும் சொல்லாமல், படகின் மற்ற வேலைகளையெல்லாம் முடித்து, மாலையில் எஞ்சின் ஆறிய பிறகு கிளப்பச் சொன்னேன். ஒன்பதாவது இழுப்பில் கிளம்பியது. குளிர்விக்கும் தண்ணீர் பக்கத்துத் துளையில் நூலாக வழிந்தது. பீய்ச்சி அடிக்க வேண்டும். கியர் எண்ணெய்த் திருகைச் சற்றுத் தளர்த்தியபோது காபிபோலக் கலங்கிய எண்ணெய் வந்தது, அதாவது சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. நம் கரையில் எஞ்சின் பழுதுபார்ப்பவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பதால் இவை எதுவும் என்னை அச்சுறுத்தவில்லை. 40,000 ரூபாய் என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்து மேல்தளம். பைபர்த் தளம் பெரும்பாலும் ஒரே கனமான தகடு அன்று. மேலும் கீழும் மெல்லிய பைபர், நடுவே பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ வைத்த அடை. தளத்தில் பூட்டிய ஒவ்வொரு திருகும் அந்த அடைக்குள் தண்ணீர் இறங்கும் வழி. இதைக் கண்ணால் காண முடியாது. காதால்தான் கேட்க வேண்டும். திருப்புளியின் பிளாஸ்டிக் பிடியால், ஒரு சாண் இடைவெளிகூட விடாமல், முன்முனையான அணியத்திலிருந்து பின்முனையான அமரம் வரை தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடம் ‘டக் டக்’ என்று பதில் சொல்லும்; ஊறிய இடம் பழுத்த பலாவைத் தட்டினாற்போலப் ‘பொத்’ என்று அடங்கும். பலாப்பழம் தட்டி வாங்கத் தெரிந்த குமரி மாவட்டத்துக்காரனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஓசை மாறும் இடங்களில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே வந்தபோது, முடிவில் தளத்தின்மேல் ஒரு வரைபடம் உருவாகியிருந்தது: இடப்பக்கக் கைப்பிடிக் கம்பியின் அடியில் ஒரு முறம் அளவு, முன் ஜன்னலின் ஓரத்தில் ஒரு கை அகலம். கைப்பிடிக் கம்பியின் ஒரு திருகைக் கழற்றி மெல்லிய கம்பியை உள்ளே விட்டு எடுத்தபோது, தேயிலைச் சாயம்போல நீர் ஒட்டிக்கொண்டு வந்தது. ஈரமானி என்று ஒரு கருவி உண்டு; நண்பரிடம் இரவல் வாங்கிக் கொண்டுபோயிருந்தேன். முந்திய இரவு மழை பெய்திருந்தால் தளத்திலும், செம்பு கலந்த அடிப்பெயின்டின்மேல் எங்கு வைத்தாலும், அது கூச்சலிடும். சாக்பீஸை நம்பியது போதும்.

சுக்கானைப் பிடித்து இடவலமாக ஆட்டினால் அரை அங்குலம் ஆடியது. அடிநுனியில் உரிமையாளர் முன்னிலையில் சிறு துளை இட்டபோது தண்ணீர் சொட்டத் தொடங்கி அரை மணி நேரம் நிற்கவில்லை. ஏராவைத் தூக்கும் கயிறு புதிது. ஏரா தொங்கும் அச்சாணி தேய்ந்திருந்ததால் படகைக் குலுக்கினால் ‘கிளிங்’ என்று ஓசை வந்தது. தண்ணீர் வெளியேறும் வால்வைக் கத்தி முனையால் சுரண்டிப் பார்த்தேன். பித்தளை மஞ்சளாக மின்னினால் உயிர் இருக்கிறது. செம்பருத்தி மொட்டுபோல இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் துத்தநாகம் கரைந்துபோய் வெறும் செம்புச் சக்கைதான் நிற்கிறது, ஒருநாள் கையோடு ஒடிந்து வரும். இரண்டில் ஒன்று சிவப்பு. விளக்கு, ஒயரிங், மெத்தை ஆகியவற்றை நான் மதிப்பிடவே இல்லை. அவை எல்லாம் போனால் போகட்டும் என்று வைத்துக்கொள்வதுதான் நல்லது. சிறு அறைக்குள் முன்தடுப்பில் ஓர் அலமாரிக் கதவு மட்டும் சரியாக மூடவில்லை. மழையில் மரம் உப்பியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இதுவரை என் வேலை. பாய்மரத்துக்கு மாமா வந்தார். மேல்துண்டின் ஓரத்தைக் கிழித்துக் கையில் சுற்றி, தாங்குகம்பி ஒவ்வொன்றையும் எட்டிய உயரம் வரை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் துடைத்துக்கொண்டு வந்தார். மூன்றாவது கம்பியின் அடியில் துணி பற்றிக்கொண்டது. குனிந்து பார்த்தால் ஓர் இழை அறுந்து ஊசிபோல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. “மக்களே, ஒரு இழை போச்சுண்ணா மத்ததெல்லாம் அதே வயசுதான?” என்றார். எஃகுக் கம்பி அறியாதவர் சொன்ன அந்த ஒரு கேள்வியில் முழுப் பாடமும் இருந்தது. ஒரு கம்பியை மட்டும் மாற்றுவது ஏமாற்று வேலை. ஒரே நாளில் பூட்டிய அத்தனை கம்பிகளும் ஒரே அளவு உழைத்தவை. பத்து, பதினைந்து ஆண்டு கடந்த தாங்குகம்பிகளைக் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்பதே பொதுவான வழக்கு.

துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் வைத்துவிட்டதால் அது துருப்பிடிக்காது என்று பலரும் நம்புகிறார்கள். காற்றுப் படும் இடத்தில் அதன்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் தானே உண்டாகும். காற்றுப் படாமல் உப்புநீர் தேங்கும் சந்தில் அந்தப் படலம் உருவாகாது, அங்கே அது சத்தமில்லாமல் அரிக்கப்படும். ஆகவே பார்க்க வேண்டிய இடம் நீண்டு பளபளக்கும் கம்பியன்று. கம்பி நுழையும் நுனிக்குழலின் வாய், கம்பியைப் பூட்டும் தகடு தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கும் அந்த ஓர் அங்குலம். அங்கே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது ஒரு நுனிக்குழலில் நெடுக்காக ஒரு வெடிப்பு இருந்தது. பாய்மரத்தின் அலுமினியத்தில் எஃகு ரிவெட் அடித்த இடங்களிலெல்லாம் வெள்ளைப் பொடி. இரு உலோகங்களும் உப்புநீரில் சேர்ந்தால் அலுமினியம்தான் தன்னைத் தின்னக் கொடுக்கும். பொடியைத் தட்டிவிட்டு நகத்தால் அழுத்திப் பார்த்தோம். குழி ஆழமாக இல்லை. பாய்மரம் தப்பியது. அது வளைந்திருந்தால் நாங்கள் அங்கிருந்தே பேருந்து ஏறியிருப்போம்.

கம்பிக்கு ஏன் இவ்வளவு அஞ்சுகிறேன் என்று கேட்பவர்களுக்கு, தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய கேரளத்துக்காரர் அபிலாஷ் டோமியின் நிகழ்ச்சியைச் சொல்வதுண்டு. 2018 செப்டம்பரில் தென் இந்தியப் பெருங்கடலில் புயல் அவருடைய ‘துரியா’ படகை உருட்டிப்போட்டபோது பாய்மரங்கள் ஒடிந்தன. அவர் முதுகில் அடிபட்டுப் படுத்துக்கிடந்தார். மீட்க வந்தவர்கள் பார்த்தபோது படகின் உடல் மிதந்துகொண்டுதான் இருந்தது. நான் போகப்போவது பெருங்கடலன்று, கரையைக் கண்ணில் வைத்துக்கொண்டு முட்டம் வரை ஓர் ஓட்டம். ஆனாலும் பாய்மரம் விழும்போது அதன் அடியில் நிற்பவர் தலை ஒன்றுதான்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. படகை வாங்கிய பிறகு துறைமுகத்தில் கேட்டவர்கள் எல்லாரும் இழுவைப்படகு வின்ச்சுக்குப் போடும் கம்பியை வாங்கிப் பூட்டச் சொன்னார்கள், விலையும் மலிவு. அது பல நுண்ணிழைகளைப் புரிபுரியாக முறுக்கி, உருளையில் வளைந்து சுற்றுவதற்காகச் செய்தது, இழுத்தால் நீளும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பி நீளவே கூடாது என்பதால் 19 தடித்த இழைகளை ஒரே புரியாக முறுக்கிய வகைதான் வேண்டும். அதை வெளியூரிலிருந்து வரவழைத்துத்தான் பூட்டினேன்.

பாய்கள் இரண்டு. இன்றைய பாய்த்துணி பாலியெஸ்டர். புதிதாக இருக்கும்போது தடித்த காகிதம்போல மொரமொரக்கும். முன்பாய் அப்படியே இருந்தது, ஏனென்றால் அது பையில் கிடந்தது. பெரிய பாயை ஆறு ஆண்டுகளாக உறையில்லாமல், அதன் அடிவிளிம்பு பூட்டிய கீழ்த்தண்டிலேயே மடித்துக் கட்டி வெயிலில் விட்டிருக்கிறார்கள். தையலில் நகத்தை வைத்து நெருடினால் நூல் பொடியாயிற்று. இரண்டு கையாலும் கோணமாக இழுத்தபோது துணி இழுபட்டு நின்றுவிட்டது, திரும்பவில்லை. மாமா அதைக் கையில் வாங்கிக் கசக்கிப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குத் தூளி கட்டலாம் என்றார். 70,000 ரூபாய் என்று குறித்தேன்.

மறுநாள் பிற்பகல் கடற்காற்று எழுந்த பிறகு ஓட்டிப் பார்த்தோம். உரிமையாளர் காலையில் வரச் சொன்னார். காயலில் காலையில் காற்று இருக்காது, காற்றில்லாத வேளையில் எந்தப் படகும் நல்ல படகுதான். ஓட்டத்தின்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. இரு பக்கமும் திருப்பிச் சாய்த்து ஓட்ட வேண்டும். ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் முரண்டியும் போனால் எங்கோ கோணல் இருக்கிறது. சுக்கான் பிடியை ஒரு விரலால் பிடிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். காற்று வரும் பக்கத்துக்கு மறுபக்கத்துக் கம்பி சற்றுத் தளர்வது இயல்பு. தொளதொளவென்று தொங்கினால் ஒன்று கம்பி நீண்டிருக்கிறது, அல்லது பாய்மரம் நிற்கும் இடம் கீழே அமிழ்ந்திருக்கிறது. எங்கள் படகில் அது தொங்கியது. கம்பி பழையது, நீண்டுவிட்டது என்று நான் முடிவுகட்டினேன். கரைக்கு வந்து அடித்தட்டைத் திறந்தால் ஒரு குவளைத் தண்ணீர்தான் சேர்ந்திருந்தது.

அன்று இரவு சேர்த்தலையில் தங்கிய விடுதியில் கணக்குப் போட்டேன். உரிமையாளர் சொல்லும் விலையிலிருந்து கழித்துக்கொண்டு வருவது பயனற்ற வேலை. அவர் சொன்னது அவருடைய ஆசை. இதே அளவில், பழுதில்லாமல் ஓடும் நிலையில், எங்கள் ஆற்றில் கொண்டுவந்து நிறுத்திய படகு எனக்கு எவ்வளவு பெறும் என்று முதலில் எழுதினேன்: 6,00,000. பிறகு அந்த நிலைக்குக் கொண்டுவரும் செலவைக் கழித்தேன். கம்பியும் நுனிகளும் 55,000, பெரிய பாய் 70,000, எஞ்சின் 40,000, தளம் 25,000, சுக்கானும் வால்வும் அச்சாணியும் 10,000, பெயின்ட் 15,000, லாரியும் கிரேனும் 45,000, ஆக 2,60,000. மீதி 3,40,000. தளத்தையும் உடலையும் நானே வேலை செய்வேன் என்பதால் அந்தத் தொகை குறைவு. கூலிக்கு விடுபவர் இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மறுநாள் அந்தக் காகிதத்தையே உரிமையாளர் முன் வைத்து, 3,00,000 தருவதாகச் சொன்னேன். படகைக் குறை சொன்னால் விற்பவருக்குக் கோபம் வரும். எழுதிய கணக்கைக் காட்டினால் அவர் ஒவ்வோர் இனமாக வாதிடுவார், அது விலை பேசுவதைச் சுலபமாக்கும். பாயின் விலையை அவர் நம்பவில்லை. பாய் தைக்கும் ஓரிடத்துக்குத் தொலைபேசியில் பேசி அவரையே கேட்கச் செய்தேன். எஞ்சினைச் சூடாக்கி வைத்ததைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை; மாமாதான், “காலையிலேயே மிஷினுக்குக் காய்ச்சல் இருந்துச்சே சேட்டா” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். 3,35,000-இல் முடிந்தது. முத்திரைத்தாளில் விற்பனை ஒப்பந்தம், எஞ்சினின் எண், பழைய உரிமையாளர் வாங்கிய ரசீது ஆகியவற்றை வாங்கிக்கொண்ட பிறகே முழுப் பணத்தையும் கொடுத்தேன்.

லாரியில் ஏற்றித் தேசிய நெடுஞ்சாலை 66 வழியாக ஓர் இரவில் ஊர் வந்து சேர்ந்தது. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகுகள் எல்லாம் கரையேறி நிற்கும் அந்த இரண்டு மாதமும் பைபர் வேலைக்காரர்கள் எவரும் நம் கைக்குக் கிடைக்க மாட்டார்கள். ஆதலால் மாசி பங்குனியிலேயே தளத்தை வெட்டித் திறந்து, ஊறிய பால்சாவைச் சுரண்டி எடுத்துப் புது அடை வைத்துப் பூசி முடித்தேன். கிரேன் வைத்துப் பாய்மரத்தை நிறுத்திப் புதுக்கம்பிகளைப் பூட்டி, அவற்றை இறுக்கும் டர்ன்பக்கிளை முறுக்கினேன். முறுக்க முறுக்கக் கம்பி இறுகவில்லை. மறுநாள் காலை பார்த்தால் முந்திய நாள் இறுக்கியதும் தளர்ந்திருந்தது. உள்ளே அந்த அலமாரிக் கதவு இப்போது பாதிகூட மூடவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாய்மரம் தளத்தின்மேல் நிற்கிறது. அதன் பாரத்தை அடித்தட்டுக்கு இறக்குவது உள்ளே தடுப்போடு சேர்ந்த மரத்தூண். பைபர் உறை போட்டிருந்ததால் தூண் பார்வைக்கு நன்றாக இருந்தது. அடியில் குத்தூசியால் குத்தியபோது கைப்பிடி வரை இறங்கிற்று. தூண் அமிழ, தடுப்பு கோணலாக, கதவின் சட்டம் சாய்ந்திருக்கிறது. ஓட்டத்தின்போது தொங்கிய கம்பியும் மூடாத கதவும் ஒரே செய்தியைச் சொல்லியிருந்தன. நான் ஒன்றைக் கம்பியின் வயதுக்கும் மற்றதை மழைக்கும் எழுதிவிட்டேன். புதுத் தேக்குத் தூணுக்கும் வேலைக்கும் 14,000 ரூபாய்தான். பாய்மரத்தை மீண்டும் இறக்கி ஏற்றக் கிரேனுக்கு 22,000. மற்ற இனங்களிலும் சிறிது சிறிதாகக் கூடியதில், 2,60,000 என்று போட்ட கணக்கு 3,10,000-இல் வந்து நின்றது.

அந்த அலமாரியில் இப்போது உயிர்க்கவசங்களை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை படகில் ஏறும்போதும் பூட்டைத் தொடுவதற்கு முன் அதன் கதவைத் திறந்து மூடிப் பார்க்கிறேன். இடவப்பாதி மழையிலும் ஒரே தள்ளலில் மூடிக்கொள்கிறது.